யாரும் கட்டாத பாட்டு

மேல்தளம் போடுகிற நாளில் கலவை மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. அது துப்பத் துப்பச் சட்டியில் வாங்கி, கைக்குக் கை மாற்றி, சாரத்தில் படிப்படியாக நிற்கிற இருபது பேர் வழியாக மேலே அனுப்பிவிட வேண்டும். ஐந்து சட்டி நிறைந்து மேலே போனால், ஐந்து சட்டி காலியாகக் கீழே வரும். போவதற்கும் வருவதற்கும் அதே கைகள்தான். நடுவில் ஒருவர் கவனம் பிசகினால் போகிற சட்டியும் வருகிற சட்டியும் நெஞ்சுக்கு நேரே முட்டிக்கொள்ளும். அதனால் வரிசைக்கு ஒரு குரல் வேண்டும். ஆறு வருடமாக அந்தக் குரல் கயிற்றுக்காரருடையதாக இருந்தது.

சாரம் கட்டுவது அவர் தொழில். கழியோடு கழியைச் சேர்த்து அவர் போடுகிற முடிச்சை அவிழ்க்கவும் அவரேதான் வரவேண்டும். தளம் போடுகிற அன்று, தான் கட்டிய சாரத்திலேயே ஒரு மூலையில் தொற்றிக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணுவார். ஐந்து முடிந்ததும், "காலி வருது!" என்பார். பாட்டு, மெட்டு எதுவும் கிடையாது. குரல் என்று அதைச் சொல்வதைவிட எண்ணெய் போடாத கதவு என்று சொல்லலாம். ஆனால் ஆறு வருடத்தில் ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை. அந்தக் கணக்கை அவர் மனசுக்குள் வைத்திருந்தார். வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

பிறகு கொழுந்தியாளின் புருஷன் வேலைக்கு வந்து சேர்ந்தான். சேர்த்துவிட்டதே கயிற்றுக்காரர்தான் என்பதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வயிறு எரியும். "என் தங்கச்சி வீட்டுக்காரர் சும்மா உக்காந்திருக்காரு, மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி நச்சரித்தாள். இவரும் போய்ச் சொன்னார். சகலையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

அவன் வந்து சேர்ந்த பிறகு முதல் தளம் போடுகிற நாள் வந்தது. இரண்டு மணி நேரம் எண்ணி இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செருமிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதற்குள் சகலை வாயைத் திறந்துவிட்டான்.

வாங்கிக்கடி சட்டியை வாங்கிக்கடி
வலிக்கிற தோளை மாத்திக்கடி
யாரு தூங்கப் போற வீடோ
நம்ம தூக்கம் குழைச்சுக் கட்டுறோம்டி

வரிசையில் ஒரு நொடி எல்லாருக்கும் கை நின்றது. அடுத்த நொடி எல்லாக் கையும் ஒரே கையாக ஓடியது. வரிசையின் நடுவில் எப்போதும் நிற்கிற பழைய சித்தாள், முகத்துக்குப் பூச்சு போட்ட மாதிரியே அலைவதால் சுண்ணாம்பக்கா என்று பெயர் வாங்கியவள், சட்டியை வாங்கிக்கொண்டே கத்தினாள்.

"அடேயப்பா, தொண்டையா இது? வெங்கலமாட்டம் கணீர்னு இருக்கே! கயித்தண்ணே, நீங்க கொஞ்சம் வாய்க்கு ஓய்வு குடுங்க. ஆறு வருசமா எங்க காதும் பாவம் இல்லையா?"

இருபது பேரும் சிரித்தார்கள். கயிற்றுக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வாயை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார். அன்றோடு சகலைக்கு வெண்கலம் என்று பெயர் வந்தது. இவருக்கு வேலையில் பாதி போனது.

பாட்டை அவனே கட்டியிருந்தான், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் கட்டினானாம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. காலிச் சட்டி திரும்பி வருகிற நேரத்துக்கு வரி இல்லை. இரண்டாவது தளத்தின்போது டீ இடைவேளையில் அவனே வந்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, காலி வர்ற எடத்துல பாட்டு தொங்குது. என்ன போடலாம்?"

"என்னத்தப் போடுறது. 'காலிச் சட்டி கீழ வருது, கையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கடி'. அவ்வளவுதானே விசயம்?"

"அட, அதையே வச்சுக்கலாம்ணே! மெட்டுல அப்படியே உக்காருது பாருங்க."

உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐந்து சட்டிக்கும் ஒரு தடவை கயிற்றுக்காரரின் வரி இருபது வாயில் ஏறி இறங்கியது. அது அவர் வரி என்பது அவருக்கும் வெண்கலத்துக்கும் மட்டும்தான் தெரியும். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. "வெங்கலத்தோட பாட்டு" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலையிடத்தோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். ஒரு நாள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனைவி அதை முணுமுணுத்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் முணுமுணுத்து அவர் கேட்ட முதல் பாட்டு அதுதான்.

"அதை எங்க புடிச்ச?"

"தங்கச்சி வீட்டுலதான். அவரு குளிக்கிறப்பல்லாம் இதானாம். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. குரல்னா குரல், என்னங்க?"

"குளிச்சா எல்லாருக்கும் குரல் வரும்."

"நீங்களும் தினம் குளிக்கிறீங்களே" என்றாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நிலையில்தான் ஒரு அம்மா வந்து சேர்ந்தாள். வானொலியில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவள். தோளில் ஒரு பை, கையில் சோப்புக்கட்டி அளவு ரெக்கார்டர். தெருவில் போகிறபோது மேலேயிருந்து பாட்டு கேட்டு, அப்படியே மணல் குவியலைச் சுற்றி உள்ளே நுழைந்துவிட்டாள். கீழ்க்கழியில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த கயிற்றுக்காரர்தான் அவள் கண்ணில் முதலில் பட்டார்.

"ஐயா, மேல பாடுறாங்களே, அந்தப் பாட்டு யார் கட்டினது?"

ஒன்றரை வருடமாகக் காத்திருந்த கேள்வி. ஆனால் கேட்கிற விதம் வேறாக இருந்தது. முழுப் பாட்டையும் கேட்கிறாள். முழுப் பாட்டுக்கும் பதில் மேலே நிற்கிறவன். 'என் சகலைதாம்மா' என்று சொன்னால் போதும், அவள் படியேறிவிடுவாள், அவன் படம் பேப்பரில்கூட வரும். கயிற்றுக்காரர் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினார்.

"யாரு கட்டினதா? யாரும் கட்டலைம்மா. அது எப்பவும் இருக்கிறது. எங்கப்பா சாரம் கட்டின காலத்துலேயே பாடுவாங்க."

சொன்னதும் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. அந்த அம்மாவின் முகம் வாடும் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். வாடவில்லை. விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது.

"நிஜமாவா? அப்பா காலத்துலேர்ந்தேவா? ஐயா, இந்த மாதிரி ஒண்ணைத்தான் நான் மூணு மாசமா தேடிட்டிருக்கேன்!"

தன் கையாலேயே ஏதோ ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டோம் என்று கயிற்றுக்காரருக்குத் தோன்றியது. எது என்று பிடிபடவில்லை.

டீ நேரத்தில் எல்லாரும் இறங்கி வந்தார்கள். செங்கல் அடுக்கின்மேல் அந்த அம்மாவுக்கு ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்தார்கள். அவள் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்தாள். மேலே நாட்டுப்புறப் பாடல் என்று அச்சடித்திருந்தது. கயிற்றுக்காரர் எழுத்துக் கூட்டி மெதுவாக அதைப் படித்தார்.

"நாட்டுப்புறமா?" என்றாள் சுண்ணாம்பக்கா. "நாங்க நாலாவது மாடியில நின்னுல்ல பாடுறோம்? லிஃப்டு வரப்போற கட்டடம்மா இது."

"அது எடத்தை வச்சுச் சொல்றது இல்லக்கா" என்றாள் அந்த அம்மா. "பாட்டு எங்க பொறந்துச்சு, யார் கட்டினாங்கன்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஒருத்தர் பாட, இன்னொருத்தர் கேட்டு, அவர் ஒரு சொல்லை மாத்தி, அப்படியே வாய் வழியா வந்திருக்கணும். தனியா ஒருத்தருக்குச் சொந்தமில்லாம எல்லாருக்கும் சொந்தமா இருந்தா, அதைத்தான் நாட்டுப்புறப் பாட்டுன்னு சொல்றோம்."

"அப்ப அப்பன் பேரு தெரியாத புள்ளைதான் உங்களுக்கு வேணும்" என்றார் மேஸ்திரி. அந்த அம்மாவே சிரித்துவிட்டாள்.

பிறகு வெண்கலத்தின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பாட்டை நீங்க யார்கிட்டேர்ந்து கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிறதாவது! நான் கட்டின பாட்டும்மா இது." வெண்கலம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "ஒரு சொல்லு விடாம நான் கட்டினது."

ஒரு சொல் விடாமல். கயிற்றுக்காரரின் காதில் அது மட்டும் தனியாகக் கேட்டது.

பேனா நின்றது. "ஆனா, இவர் சொன்னாரே... அப்பா காலத்துலேர்ந்து இருக்குன்னு?"

"யாரோட அப்பா?" என்றாள் சுண்ணாம்பக்கா.

எல்லாரும் கயிற்றுக்காரரைப் பார்த்தார்கள். அவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

"நீங்களே கட்டினதுன்னா ரொம்ப சந்தோசம்" என்றாள் அந்த அம்மா. குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா இந்த நிகழ்ச்சியில சேர்க்க முடியாது. அதுக்கு வேற பிரிவு இருக்கு. நீங்க எழுதிக் குடுக்கணும், குரல் தேர்வுக்கு வரணும், அப்புறம் அவங்க கூப்பிடுவாங்க..." கூப்பிடமாட்டார்கள் என்பது அவள் இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது.

கயிற்றுக்காரருக்கு இப்போதுதான் முடிச்சு கண்ணில் பட்டது. 'நான் சொன்னது பொய்ம்மா, பாட்டு இவனுடையதுதான்' என்று சொன்னால் பாட்டு வானொலிக்குப் போகாது. அது வேண்டியதுதான். ஆனால் இருபது பேர் முன்னால் இவனைப் பெரிய ஆளாக்கித் தானும் பொய்யனாக வேண்டும். சொன்ன சொல்லிலேயே நின்றால் இவன் பெயர் அழியும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இவன் குரல் வீடு வீடாகப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று இவன் மடியில் போய் விழுந்தது. எதையும் அவனுக்குக் கொடுக்காத ஒரு பதில் வேண்டியிருந்தது. அதை அவர் டீ கிளாஸின் அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

வெண்கலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்து பார்த்தான். முகம் ஒரு தடவை சிவந்து அடங்கியது. கிளாஸில் மீதியிருந்த டீயை மணலில் ஊற்றினான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். அவரு மூத்தவரு. நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன். எழுதிக்கோங்க, யாரும் கட்டலை."

இயற்றியவர் என்ற கட்டத்தில் அந்த அம்மா நீளமாக ஒரு கோடு போட்டாள். ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கி நீட்டினாள். சும்மா சுற்றிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். வெண்கலம் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். எரிச்சலோடு பாடினாலும் அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதுதான் கயிற்றுக்காரருக்குத் தாங்கவில்லை. நாலு வரி முடிந்தது. காலிச் சட்டி வரியின் இடம் வந்தது. வெண்கலம் அதைத் தாண்டி மறுபடி முதல் வரிக்குப் போனான்.

"நடுவுல காலிச் சட்டின்னு ஒரு வரி வந்துச்சே?" என்றாள் அந்த அம்மா. "தெருவுல கேட்டேனே."

"அதுவா? அது பாட்டு இல்லம்மா. 'வண்டி வருது, ஓரமா போ'ங்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை. இப்ப யாரோ ஒட்டவச்சது, பழசு கிடையாது." வெண்கலம் திரும்பினான். சிரித்த முகமாகத்தான் கேட்டான். "என்னண்ணே, உங்கப்பா காலத்துல அந்த வரி இருந்துச்சா?"

இருந்தது என்றால் தன் வரியும் யாரும் கட்டாததாகிவிடும். நான் கட்டினேன் என்றால் மற்றதை யார் கட்டினார்கள் என்ற கேள்வி வரும்.

"இல்ல" என்றார் கயிற்றுக்காரர்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் போட்டார்கள். கொழுந்தியாள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். போகக்கூடாது என்றுதான் கயிற்றுக்காரர் நினைத்தார். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றதால் போகவேண்டியிருந்தது. "அடுத்து வருவது ஒரு நாட்டுப்புறப் பாடல்" என்றது வானொலி. "கட்டியவர் யார் என்று தெரியாது. காலமும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக உழைக்கும் மக்களின் நாவில் வாழ்ந்துவருவது. பாடுபவர்கள், கட்டடத் தொழிலாளர்கள்."

பாடினவன் பெயரும் இல்லை. கொழுந்தியாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னங்க, உங்க பேரையே சொல்லலை? நீங்க ராத்திரி பகலா உக்காந்து கட்டினதாச்சே. என்கிட்டதானே முதல்ல பாடிக் காட்டினீங்க?"

"அண்ணனைக் கேளு" என்றான் வெண்கலம்.

அவள் கயிற்றுக்காரரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை, பதிலே இருந்தது. பதினெட்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்தினவளுக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது அவள் அந்தப் பாட்டை முணுமுணுக்கவில்லை. கயிற்றுக்காரர் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்திருந்தது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

அடுத்த தளம் போடுகிற நாள் வந்தது. ஆள் பற்றாமல் மேஸ்திரி வேறொரு குழுவிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்திருந்தார். அவர்களில் ஒரு நடுத்தர வயதுச் சித்தாள், தலையில் துண்டு கட்டும்போதே பாடிக்கொண்டிருந்தாள், வாங்கிக்கடி சட்டியை வாங்கிக்கடி என்று.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சுண்ணாம்பக்கா.

"ரேடியோவுல போட்டாங்களே. பழைய பாட்டாமே. எங்க மாமியாகூட, 'சின்ன வயசுல கேட்டிருக்கேன்'னு சொன்னாங்க."

வெண்கலம் வாய்விட்டுச் சிரித்தான். வானொலிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான். மெஷின் ஓடத் தொடங்கியதும் வானொலியில் போட்ட மாதிரியே பாடினான். நாலு வரி, உடனே மறுபடி முதல் வரி. வீம்புக்குத்தான் அப்படிப் பாடினான் என்பது கயிற்றுக்காரருக்குத் தெரிந்தது. அவர் சாரத்தின் மூலையில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். பழைய ஆட்கள் பழக்கத்தில் காலிச் சட்டிக்குக் கையை ஒதுக்கினார்கள். புது ஆட்களுக்குப் பாட்டில் என்ன வந்ததோ அதுதான் தெரியும்.

மூன்றாவது சுற்றில் முட்டியது. புதுச் சித்தாள் நிறைந்த சட்டியை ஏந்தித் திரும்ப, மேலேயிருந்து காலிச் சட்டி வந்து அதன் விளிம்பில் மோத, கலவை முழுவதும் அவள் மார்பிலும் முகத்திலும் கொட்டியது. நடுவில் அகப்பட்ட கட்டை விரலை உதறிக்கொண்டு, "அம்மா!" என்றாள். சுண்ணாம்பக்கா அவள் கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். விரல் நசுங்கி நகம் கறுத்திருந்தது. ஏழரை வருடத்தில் முதல் விரல்.

மெஷின் நிற்கவில்லை. வரிசை மறுபடி ஓடியது. வெண்கலம் வெளிறிப்போன முகத்தோடு பாடினான். நாலாவது வரி முடியும்போது அவன் குரல் தயங்கியது. எடுப்பதா விடுவதா என்ற தயக்கம். அதற்குள் மேல் மூலையிலிருந்து எண்ணெய் போடாத கதவு திறந்தது.

காலிச் சட்டி கீழ வருது
கையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கடி!

மெட்டு எங்கேயோ போனது. கை மட்டும் இருபதும் ஒதுங்கியது. ஐந்து காலிச் சட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக, தட்டாமல் முட்டாமல் கீழே இறங்கின.

டீ நேரத்தில் புதுச் சித்தாள், விரலில் துணி சுற்றிக்கொண்டு, கயிற்றுக்காரருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தக் காலிச் சட்டி வரி நல்லாருக்கே. அது ரேடியோவுல வரலையே. யாரு கட்டினது?"

இந்தத் தடவை கேள்வி சரியாக வந்திருந்தது. முழுப் பாட்டை அல்ல, அந்த வரியைக் கேட்கிறாள். கயிற்றுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

"யாரு கட்டினதா?" என்றான் பக்கத்திலிருந்த வெண்கலம். "யாரும் கட்டலை. அது எப்பவும் இருக்கு. அண்ணனோட அப்பா காலத்துலேர்ந்து."

"யாரோட அப்பா?" என்று சுண்ணாம்பக்கா ஆரம்பித்தாள். வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. கயிற்றுக்காரர் திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், ஆறிப்போன டீயை அதில் ஊற்றிக்கொண்டார்.

மறுபடி வேலை தொடங்கியது. வெண்கலம் நாலு வரி பாடி நிறுத்தினான். நிறுத்திவிட்டு மேல் மூலையை நிமிர்ந்து பார்த்தான். அந்த இடத்தை இவருக்கென்று காலியாக விட்டிருந்தான். கயிற்றுக்காரர் பாடினார். அடுத்த சுற்றில் புதுச் சித்தாளும் சேர்ந்துகொண்டாள். 'கொஞ்சம்' என்று இருந்ததை 'சட்டுனு' என்று மாற்றிப் பாடினாள். அது இன்னும் பொருத்தமாக இருந்தது. அடுத்த சுற்றில் எல்லாருமே 'சட்டுனு' என்றார்கள். தன் குரல் எது என்று தேடினார். அகப்படவில்லை.

இவ்வளவு நாளும் பொறாமைப்பட ஒருவன் இருந்தான். இப்போது இருபது பேர் இருந்தார்கள். கயிற்றுக்காரர் அசைந்த கழி ஒன்றைக் காலால் அழுத்திப் பிடித்து, இடுப்பிலிருந்த கயிற்றை உருவி, அதை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.